ஆறடி தள்ளி

கொழுந்தன் திருப்பூரிலிருந்து கொண்டுவந்த
பழைய பெட்டியில்
ஆட்டம் இருந்தது, வயர் இருந்தது,
கையில் பிடிக்க ஒன்றும் இல்லை.
"பிடி எதுக்கு அண்ணி,
நம்ம உடம்புதான் பிடி" என்றான் யோகேஸ்வரன்.
டிவி தலையில் கருப்பாய் ஒரு கட்டை,
அதில் மூன்று கண்.
உட்காரவைக்கும் கிளிப் உடைந்திருந்தது.
இடுப்பில் படங்கு கட்டும் கயிற்றால்
இறுக்கிக் கட்டினோம்.

கரண்டு போனதும்
கழுத்தைத் தூக்கி எங்களைப் பார்த்தது,
பெரட்டுக்கு வந்த புது மேஸ்திரி மாதிரி
தலையிலிருந்து கால்வரை.
திரையில் வந்த எழுத்தை
நிரோஷா தமிழில் சொன்னாள்:
ஆறடி பின்னால் போகணுமாம்.

சேரங்கோட்டில்
எங்கள் லயத்து அறை ஏழடி.
அதில் இரண்டடியை டிவி மேசை தின்கிறது.
கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாய்த்தோம்.
அரிசி டிரம்மை அடுப்படிக்கு உருட்டினோம்.
இன்னும் பின்னால், இன்னும் பின்னால் என்கிறது கட்டை.
நிலைப்படி தாண்டி
ஈர சிமெண்டில் வெறுங்காலோடு நின்றேன்.
அப்போதுதான் அதற்கு
நான் தெரிந்தேன்.

சின்ன வீட்டுக்காரர்களுக்கென்றே
அந்தக் கண்ணுக்கு மாட்டும் கண்ணாடி ஒன்று விற்கிறார்களாம்.
கிட்ட நிற்பவரும் எட்டத் தெரிவாராம்.
"என் கண்ணுக்கு மாட்டினா
வீடு பெருசாத் தெரியுமா?" என்றேன்.
கொழுந்தன் சிரிக்கவில்லை.

பழம் வெட்டும் ஆட்டம்.
அவன் கையை வீசினான், தர்ப்பூசணி தெறித்தது.
நிரோஷா எகிறினாள், அன்னாசி இரண்டாயிற்று.
என் முறை.

இருபத்திரண்டு வருஷமாய்
இரண்டு இலை ஒரு மொட்டு தேடிய கை.
பெருவிரலும் சுட்டுவிரலும்
என்னைக் கேட்காமலே போய்க் கிள்ளித் திரும்பும்.
அந்த வேகத்தில் போட்டேன்.
ஒரு பழம்கூட அசையவில்லை.

"அண்ணி, அதுக்கு விரல் தெரியாது.
தோள், முட்டி, மணிக்கட்டு.
அதோட சரி."

திரையில் என்னைப் பார்த்தேன்:
கோடு கோடாய் ஒருத்தி,
கை முடிகிற இடத்தில் வெறும் புள்ளி.

இருக்கட்டும்.
நிறுவைத் தராசுக்கும் தெரிந்ததில்லை.
கிலோ தெரியும்.
ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிக்கத் தெரியும்.

மறுபடி கை தூக்கினேன், இந்த முறை தோளிலிருந்து.
டிங் என்றது பெட்டி.
"ரெண்டாவது ஆள் வந்தாச்சு" என்று கத்தினாள் நிரோஷா.
யாரும் வரவில்லை.
திரும்பிப் பார்த்தால்
குழாயடியிலிருந்து தண்ணி வாளியோடு
என் தோளுக்குப் பின்னால் பாக்கியசீலி.

அதே குழாயடியில்தான் எட்டு மாசத்துக்கு முன்னால்
என் குடம் உருண்டது, அவள் வாய் உருண்டது, என் வாயும்.
அன்றிலிருந்து பேச்சில்லை.
கட்டைக்கு அதெல்லாம் தெரியுமா?
அவளுக்கும் கோடு போட்டது,
எனக்குப் பச்சை, அவளுக்கு நீலம்,
பழத்தை எறியத் தொடங்கியது.

அவள் வாளியை வைத்தாள்.
முந்தானையைச் செருகினாள்.
துணி துவைக்கும் அடி அது,
அடித்த அடியில் ஆறு பழம் ஒரேயடியாய்.
நான் விடுவேனா.
மூடுபனி வந்து
ஒருமுறை என் இடது காலைக் கொண்டுபோனது,
ஒருமுறை அவள் தலையை.
முட்டி முட்டியோடு இடித்தது.
இரண்டு பேரும் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை.

நாற்பது பழம் வித்தியாசத்தில் அவள் ஜெயித்தாள்.

முடிந்ததும் பெட்டி
தானே எடுத்த ஒரு படத்தைக் காட்டியது:
வாய் பிளந்து, முடி அவிழ்ந்து,
கை ஓங்கிய இரண்டு பொம்பளைகள்,
நடுவில் ஒரு வாளி.
பார்த்தவர்கள் சண்டை என்றுதான் சொல்வார்கள்.
விரல்கள் இருந்தன, இருபதும்,
கலங்கலாய்.

"அழிக்கவா, வைக்கவா?" என்றான் கொழுந்தன்.
நான் கட்டிலை இறக்கப் போனேன்.

வாளியைத் தூக்கிக்கொண்டு
நாலு எட்டு போனவள் நின்றாள்.
"வையி" என்றாள்.
என்னிடம் இல்லை.
அவனிடம்தான்.